தக்கை போடத் தெரிந்தவனுக்குக் குளிர்கால டிரவுட்

ஃப்ளை ஃபிஷிங், அதாவது தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டிய இரையைப் (அதுதான் ஃப்ளை) போட்டு மீன் பிடிப்பது, என்றதும் எல்லார் மனதிலும் வருவது ஒரே படம்தான்: இடுப்பளவு தண்ணீரில் தொப்பி போட்ட ஒருத்தர் நின்றுகொண்டு, நீளமான கயிறைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசிக்கொண்டே இருப்பார், வெயில் பளபளக்கும், மீன் துள்ளி வந்து பூச்சியைக் கவ்வும். அது கோடைக்காலத்துப் படம். ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்துவிட்டால் மலையாற்றில் அந்த வீச்சுக்குப் பெரிதாக வேலை கிடையாது. தண்ணீர் சில்லிட்டு, பறக்கிற பூச்சி குறைந்து, டிரவுட் என்கிற குளிர்நீர் மீன் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மேலே வா என்று கெஞ்சினாலும் வராது. நாம்தான் கீழே இறங்கிப் போக வேண்டும்.

இறங்கிப் போக என்ன வேண்டும்? தக்கை, ஈயம், சின்ன முள். தடப்பள்ளி வாய்க்கால் கரையில் உட்கார்ந்து, மூங்கில் குச்சியில் தங்கூசி கட்டி, பழைய ஹவாய் செருப்பை வெட்டித் தக்கை செய்து ஜிலேபியும் கெண்டையும் பிடித்தவர்கள் யாராக இருந்தாலும் அவர்களுக்குக் குளிர்கால டிரவுட்டில் முக்கால்வாசி ஏற்கெனவே தெரியும். நான் இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அமெரிக்காவின் கொலராடோவில் அழகாகக் கயிறு வீசக் கற்றுக்கொண்டு வந்தவர்கள் ஜனவரியில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். தக்கை லேசாகத் தயங்கினால் கை தானாக எழும்புகிற பழக்கம் அவர்களுக்கு இல்லை, நமக்கு அது பள்ளிக்கூடத்தைக் கட் அடித்த நாட்களிலேயே வந்துவிட்டது.

பிழைப்பு டென்வர் பக்கம், சொந்த ஊர் கோபி. தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் கார்த்திகை தீபம் வரை இங்கேயே இருந்து ராத்திரியில் ஆபீஸ் வேலை பார்த்துவிட்டு டிசம்பரில் திரும்புவேன். அப்போது அங்கே சரியான குளிர்காலம். அதனால் அந்த சீசனுக்கான ஃப்ளை எல்லாவற்றையும் கட்டுவது இங்கேதான், மழை பெய்துகொண்டிருக்கும்போது. கொடிவேரியில் தண்ணீர் செந்நிறமாகப் பாய்ந்து குளிக்கத் தடை போட்டிருப்பார்கள், நான் மாமா கடையில் உட்கார்ந்து பனியாற்று மீனுக்கு இரை கட்டிக்கொண்டிருப்பேன்.

முதலில் ஆற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் போவது சவுத் பிளாட் ஆறு. டென்வரிலிருந்து காரில் போய்விடலாம். அதில் சீஸ்மன் அணை என்று 1905இல் கட்டி முடித்த ஒரு கருங்கல் அணை இருக்கிறது, 221 அடி உயரம். அணைக்குக் கீழே பாறைப் பள்ளத்தாக்கு, அதைத் தாண்டினால் டெக்கர்ஸ் என்கிற சின்ன ஊர். ஊட்டியைவிட உயரம் குறைந்த இடம்தான், ஆனால் ஜனவரிக் காலையில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி என்பது அங்கே சாதாரணம். ஏரிகள் உறைந்து கிடக்கும், ஓடைகளின் மேல் பனிக்கட்டி மூடியிருக்கும், ஆனால் அணைக்குக் கீழே சில மைல் தூரத்துக்கு ஆறு உறையாது.

ஏன் உறையாது என்பது எனக்குப் பிடித்த சங்கதி. தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் அதிகக் கனம். அதைவிடக் குளிர்ந்தால் லேசாகி மேலே மிதக்கும், அதனால்தான் பனிக்கட்டி மேலே கட்டுகிறது. அணையின் மேல்பரப்பு உறைந்து கிடந்தாலும் அடித்தண்ணீர் ஏறக்குறைய 4 டிகிரியிலேயே இருக்கும். அடிமதகு வழியாக வெளியே வருவது அந்தத் தண்ணீர். சுற்றிலும் எல்லாம் உறைந்திருக்கும்போது அந்த 4 டிகிரி மீனுக்கு வெதுவெதுப்பு. கோடையில் இதுவே தலைகீழ்: வெளியே வெயில் கொளுத்தும், மதகுத் தண்ணீர் சில்லென்று வரும். இரண்டு பருவத்திலும் டிரவுட்டுக்கு லாபம்தான். பவானிசாகரில் இத்தனை கனஅடி திறந்தார்கள், நீர்மட்டம் இத்தனை அடி என்று காலையில் பேப்பரைப் பிரித்ததும் பார்க்கிற ஊரில் பிறந்தவனுக்கு அணைக்குக் கீழே மீன் பிடிப்பது ஒன்றும் அந்நியமில்லை. அங்கேயும் கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டியது கனஅடிக் கணக்குதான். என்ன, கீழ்பவானிக்கு 2300 கனஅடி திறக்கிற ஊர்க்காரனுக்கு, நூறு கனஅடிக்குக் கீழே ஓடுவதையும் ஆறு என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

தண்ணீர் குறைவாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. மீன் இருக்கும் இடம் சுருங்கிவிடும். டிரவுட் குளிர் ரத்தப் பிராணி, தண்ணீர் எந்தச் சூடோ அதன் உடம்பும் அதே சூடு. 4, 5 டிகிரியில் அதற்குச் செரிமானம் மந்தம், பசி குறைவு, வேகமான நீரோட்டத்தில் எதிர்த்து நின்று சக்தியை வீணாக்காது. கோடையில் வெள்ளை நுரை பொங்கும் இடத்தில் நின்ற மீன், குளிரில் ஆழமான மடுவின் அடியிலும் ஓட்டம் தணிந்த வளைவுகளிலும் வந்து கூட்டமாக நிற்கும். இரைக்காக அரை முழம் நகர்வதற்கே யோசிக்கும். இரை அதன் மூக்கு நேராக, அது நிற்கும் ஆழத்தில், தண்ணீர் போகிற அதே வேகத்தில் வர வேண்டும். இதில் ஒன்று தப்பினாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. எத்தனை முறை போட்டாலும் மீன் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களில் பாதிப் பேர் மீனின் தலைக்கு மேலே ஒரு அடி உயரத்தில் போட்டுக்கொண்டிருந்தவர்கள்தான்.

அதனால் என் அபிப்பிராயம், ஃப்ளையை மாற்றுவதற்கு முன் ஈயத்தை மாற்றிப் பாருங்கள். ஒரு குண்டு கூட்டு, இன்னும் ஒன்று கூட்டு, அடியில் கல்லில் எப்போதாவது தட்டும் வரைக்கும் கூட்டு. தட்டவே இல்லையென்றால் நீங்கள் மேலே இருக்கிறீர்கள். தக்கைக்கும் ஈயத்துக்கும் இடையில் தண்ணீர் ஆழத்தைப்போல ஒன்றரை மடங்கு நரம்பு விட வேண்டும், ஓட்டத்தில் நரம்பு சாய்ந்துதான் போகும். கடையில் விற்கிற பிளாஸ்டிக் உருண்டைத் தக்கை குளிர்காலத்துத் தெளிந்த தண்ணீரில் தொப்பென்று விழுந்து மீனைக் கிளப்பிவிடும். நான் கம்பளி நூல் துணுக்கை எண்ணெய்ப் பசை தடவிக் கட்டிக்கொள்கிறேன். சத்தமில்லாமல் விழும், மிதக்கும், அசைவும் நன்றாகத் தெரியும். அடியில் கட்டும் நரம்பு ஃப்ளூரோகார்பன், 6எக்ஸ். மீன் ரொம்பவும் விவரமாக இருக்கும் இடத்தில் 7எக்ஸ், நம்பர் ஏற ஏற நரம்பு மெலிசாகும்.

வாய்க்கால்காரர்கள் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. வாய்க்காலில் தண்ணீர் ஒரே சீராக ஓடும், ஆற்றில் மேல்தண்ணீர் வேகமாகவும் அடித்தண்ணீர் மெதுவாகவும் போகும், நடுவில் ஒரு வேகம், கரையோரம் ஒரு வேகம். குறுக்கே கிடக்கும் கயிறை நடு ஓட்டம் இழுத்துக்கொண்டு போனால் தக்கையும் இழுபடும், அடியில் போகிற முள் அதோடு சேர்ந்து ஓடும். தானாக ஓடுகிற பூச்சியை எந்த டிரவுட்டும் நம்பாது. அதனால் தக்கை விழுந்த கையோடு தடியின் நுனியைத் தூக்கி, கயிறை மட்டும் ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் மடித்துப் போட வேண்டும், தக்கை அசையாமல். இதைத்தான் மெண்டிங் என்கிறார்கள். ஒரு நாள் முழுக்கச் செய்தால் கைக்கு வந்துவிடும்.

சரி, கவ்வும்போது என்ன ஆகும்? ஜிலேபி என்றால் தக்கையை டபக்கென்று உள்ளே இழுக்கும், குருடனுக்கும் தெரியும். குளிர்கால டிரவுட் இழுக்கவே இழுக்காது. டெக்கர்ஸுக்கு மேலே ஒரு வளைவு, பாறைக்குப் பின்னால் பச்சையாகத் தெரியும் மடு. போன ஜனவரியில் அங்கே நின்றிருந்தேன். தக்கை பாறையைத் தாண்டி வருகிறது, பக்கத்தில் ஒரு நுரைக்குமிழியும் கூடவே வருகிறது. இரண்டும் சோடியாக வந்துகொண்டிருந்தன. திடீரென்று குமிழி ஒரு விரற்கடை முந்திப் போனது. தக்கை முழுகவில்லை, ஆடக்கூட இல்லை, குமிழியைவிடக் கொஞ்சம் பின்தங்கியது, அவ்வளவே. கை எழும்பிவிட்டது. அடியில் கல் மாட்டியது மாதிரி ஒரு கனம், அப்புறம் அந்தக் கல் தலையை ஆட்டியது. பிரவுன் டிரவுட், என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை இருக்கும். வயிறு வெண்ணெய் மஞ்சள், பக்கவாட்டில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி வெளிர்நீல வளையம். மேல் உதட்டின் ஓரத்தில் என் ஃப்ளை, தேடிப் பார்த்தால்தான் தெரிகிற அளவில். கையை நனைத்துக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கழற்றி விட்டேன். உறைபனிக் காற்றில் மீனை வெளியே தூக்கிப் படம் எடுப்பது பாவம், நனைந்த செவுள் மேல் அந்தக் காற்று பட்டாலே கேடு. படம் வேண்டுமென்றால் தண்ணீருக்குள் இருக்கும்போதே எடுங்கள்.

நேரமும் முக்கியம். விடியற்காலையில் எழுந்து ஓடுவது கோடைக்குத்தான். குளிரில் காலை பதினொன்றுக்கு மேல் போனால் போதும், மூன்று மணிக்கு மூட்டை கட்டிவிடலாம். அந்த நாலு மணி நேரத்தில் வெயில் பட்டுத் தண்ணீர் ஒரு டிகிரி ஏறும், மிட்ஜ் கிளம்பும். மிட்ஜ் என்றால் கொசு சாதியில் கடிக்காத சின்னப் பூச்சி. பனிமேல் கறுப்பாக ஊர்ந்துகொண்டிருக்கும். வருடம் முழுக்க, நடுக்குளிரிலும் பொரிந்து வெளிவருகிற பூச்சி அது என்பதால் ஜனவரியில் டிரவுட்டின் சாப்பாடு பெரும்பாலும் அதன் கூட்டுப்புழுதான். 20, 22, 24 நம்பர் முள்ளில் கட்ட வேண்டும். நம்பர் ஏற ஏற முள் சிறுக்கும். 22 நம்பர் முள்ளின் நீளம் ஒரு அரிசி மணிக்குக்கூடக் காணாது.

அதற்கு முந்தைய பருவம், அக்டோபரும் நவம்பரும், வேறு கதை. அப்போது மேஃப்ளை என்கிற ஆற்றுப்பூச்சியில் ஒரு சின்ன வகை மேகமூட்டமான மத்தியானங்களில் பொரியும், மீன் மேலேயும் வரும். அதற்கு ஆர்எஸ்2 என்று ஒரு ஃப்ளை இருக்கிறது. கொரியாவில் பிறந்து கொலராடோவில் குடியேறிய ரிம் சங் என்பவர் எழுபதுகளில் இந்த சவுத் பிளாட் ஆற்றுக்காகவே உருவாக்கியது. பார்த்தால் ஒன்றுமே இல்லாதது மாதிரி இருக்கும், பிடிக்கிற பிடியைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

ஆனால் இந்தப் பருவத்தில் கண்ணைத் திறந்துகொண்டு நடக்க வேண்டும். பிரவுன் டிரவுட் முட்டையிடுவது இலையுதிர்காலக் கடைசியில். பெட்டை மீன் வாலால் அடித்துக் கூழாங்கல்லைக் கிளறிப் பள்ளம் பறித்து, முட்டையிட்டு, மறுபடி கல்லைத் தள்ளி மூடும். பாசி படிந்த தரையில் ஒரு இடம் மட்டும் கழுவிவிட்ட மாதிரி வெளுப்பாகத் தெரிந்தால் அது கூடு. அந்த முட்டைகள் குளிர்காலம் முழுக்கக் கல்லுக்கு அடியிலேயே கிடந்து வசந்தம் நெருங்கும்போதுதான் பொரியும், அதனால் நவம்பரில் மட்டுமல்ல, பிப்ரவரியிலும் அதன் மேல் காலை வைக்கக் கூடாது. ஒரு மிதி, நூற்றுக்கணக்கில் போய்விடும். கூட்டின் மேல் நிற்கும் மீனுக்கு முள்ளைப் போடுவதும் எனக்குப் பிடிக்காது. ஆழம் குறைந்த தண்ணீரில் பெரிய மீன் பளிச்சென்று தெரிகிறது என்பதற்காகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், பிரசவ வார்டில் போய் வம்பிழுக்கிற ஆட்கள். நம் நாட்டில் இதற்குச் சட்டமே உண்டு. இமாச்சலத்தில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை டிரவுட் பிடிக்கத் தடை. தீர்த்தன் பள்ளத்தாக்குக்குப் போகலாம் என்று டிசம்பர் லீவுக்குத் திட்டம் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு மார்ச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது மாமா கடைக்கு வருகிறேன். என் தாய்மாமா மோட்டார் காயில் கட்டுகிறவர். போர்வெல் மோட்டார், கிணத்து மோட்டார், ஃபேன், மிக்ஸி, எது எரிந்தாலும் அவரிடம்தான் வரும். கொங்கு நாட்டில் விவசாயம் இருக்கிற வரைக்கும் காயில் கடைக்கு வேலை குறையாது. குளிர்காலத்துக்கு நான் அதிகம் கட்டும் ஃப்ளை ஜீப்ரா மிட்ஜ். அதற்கு வேண்டியது மூன்றே பொருள்: நூல், மெல்லிய கம்பி, ஒரு குட்டி மணி. இறகே வேண்டாம். இறகு வேண்டாம் என்பது எனக்குப் பெரிய நிம்மதி, ஏனென்றால் சேவல் கழுத்து இறகு ஊரில் எத்தனை கிடைத்தாலும் பறவைக் காய்ச்சல் கெடுபிடியில் அதை அமெரிக்காவுக்குள் கொண்டுபோவது தலைவலி, தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் மயில் இறகை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகவே தடை.

நூல் திருப்பூரிலிருந்து. தையல் நூல் இதற்குத் தடிமன், எம்ப்ராய்டரி மெஷினுக்குப் போடும் பளபளப்பான நூலைப் பிரித்து ஓர் இழை எடுத்துக்கொண்டால் போதும், தட்டையாகப் படியும். கம்பி மாமாவிடம். ஃபேனுக்குப் போடும் 36ஆம் நம்பர் செம்புக்கம்பி கொஞ்சம் முரடு. 40ஆம் நம்பர் இருந்தால் அருமை.

"நாப்பதாம் நம்பர் இருக்குதுங்களா மாமா?"

"இருக்குது. எத்தன கிலோ வேணும்?"

"ஒரு ரெண்டு பாகம் நீளம் போதுங்க."

மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அவர் முன்னாலேயே ஒன்று கட்டிக் காட்டினேன். முள்ளில் மணியைக் கோத்து, முள்ளின் வளைவை வைஸில் இறுக்கி, நூலை மணிக்குப் பின்னாலிருந்து வளைவு வரைக்கும் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாகப் படியவிட்டு, கம்பியின் நுனியை அங்கே சேர்த்துக் கட்டி, நூலை மறுபடி முன்னால் கொண்டுவந்து, கடைசியாகக் கம்பியை ஆறேழு சுற்று இடைவெளிவிட்டுச் சுற்றி மணிக்கு அடியில் முடிச்சு. கறுப்பு உடம்பில் செம்பு வரி. மாமா வாங்கிப் பார்த்தார், டியூப்லைட் பக்கம் திருப்பினார். "சுத்து சீரா இல்லியே மாப்ளே. மூணாவதுக்கும் நாலாவதுக்கும் எட வுட்டுப் போச்சு பாரு." பார்த்தேன், ஆமாம். அப்புறம் அவரே வைஸை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். இடது கட்டைவிரல் நகத்தை முள்ளின் மேல் அண்டக் கொடுத்து, கம்பியை இழுத்துப் பிடித்த இழுவை குறையாமல், கம்பியை நகர்த்தாமல் நகத்தை நகர்த்தினார். ஏழு சுற்று, அளந்து வைத்த மாதிரி. கம்பியைக் கத்தரியால் வெட்டாமல் முன்னும் பின்னும் ஆட்டி முடிச்சோடு ஒட்ட ஒடித்தார். கூரான பிசிறு நிற்காது. நான் யூடியூபில் இத்தனை வருடம் பார்த்ததைவிட அந்த ஒரு நிமிடத்தில் பார்த்ததுதான் உருப்படி.

செம்புக்கம்பி வைத்துக் கட்டுவது புதிய யோசனையும் இல்லை. இங்கிலாந்தில் வில்ட்ஷயர் பக்கம் ஏவன் ஆற்றைப் பராமரிக்கும் வேலையில் இருந்த ஃபிராங்க் சாயர், நூலே இல்லாமல் செம்புக்கம்பியாலேயே கட்டி, கம்பியின் கனத்தாலேயே முள்ளை அடிக்கு இறக்கினார். ஃபெசன்ட் என்கிற காட்டுக்கோழியின் வால் இறகில் அவர் கட்டிய நிம்ஃப் (தண்ணீருக்குள் இருக்கும் இளம்பூச்சி மாதிரியான ஃப்ளை) உலகம் முழுக்கப் போயிருக்கிறது. அவருடைய இன்னொரு ஃப்ளைக்குச் செம்புக்கம்பியும் கம்பளி நூலும் மட்டும்தான். சாட்விக்ஸ் 477 என்று ஒட்டுப்போடும் நூல் ஒன்று, சாம்பலில் லேசாக ரோஸ் கலந்த நிறம். அந்த நூல் உற்பத்தி நின்றபிறகு மிச்சம் இருந்த அட்டைகளுக்காக ஆட்கள் அலைந்தார்கள். திருப்பூரில் ஷேடு கார்டோடு போய் நின்றால் அந்த நிறத்தைச் சாயப்பட்டறையில் அரை நாளில் கொண்டுவந்துவிடுவார்கள் என்பது என் நம்பிக்கை.

குளிருக்கு என்ன போட்டுக்கொள்வது என்று கேட்பவர்களுக்கு: பருத்தி வேண்டாம். திருப்பூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, பனியன் எவ்வளவு நல்ல பனியனாக இருந்தாலும் நனைந்த பருத்தி உடம்புச் சூட்டைக் காக்காது. உள்ளே கம்பளி அல்லது பாலியெஸ்டர், மேலே மார்பு வரை ஏறும் தண்ணீர் புகாத கால்சட்டை, அதன் மேல் இடுப்பில் பெல்ட் கட்டாயம், விழுந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பாமல் இருக்க. ஃபெல்ட் அடி வைத்த பூட்ஸ் பனியில் நடந்தால் அடியில் பனி ஒட்டி ஒட்டி உருண்டையாகி நாம் கட்டைக்கால் வைத்துக்கொண்டு நடப்போம், ஆணி வைத்த ரப்பர் அடிதான் சரி. தடியின் வளையங்களில் தண்ணீர் உறைந்து கயிறு சிக்கும். ஆத்திரத்தில் அதைத் தட்டி உடைத்தால் நுனி போய்விடும், ஆற்றுக்குள் தடியைக் கொஞ்ச நேரம் அமிழ்த்தி வைத்தால் தானே கரையும். ஹாட்பாக்ஸில் அரிசிம்பருப்புச் சாதம், நெய் தாராளமாக. பாறைமேல் உட்கார்ந்து அதைத் திறக்கும்போது பக்கத்தில் சாண்ட்விச் சாப்பிடுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கொஞ்சம் கொடுப்பேன், மறுபடி கேட்பார்கள்.

கொலராடோவுக்குப் போய்த்தான் டிரவுட்டைப் பார்க்க வேண்டுமா என்றால், நம் பவானி ஆறு தொடங்குகிற இடத்திலேயே டிரவுட் உண்டு. நீலகிரியில் 1863இலேயே ஃபிரான்சிஸ் டே என்ற ராணுவ மருத்துவர் கொண்டுவந்து பார்த்தார், பலிக்கவில்லை. பிறகு 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் வந்தது, எச். சி. வில்சன் என்பவர் காலத்தில் ரெயின்போ டிரவுட் அந்த மலை ஓடைகளில் வேர்விட்டது. அப்பர் பவானி பக்கத்துத் தண்ணீர்தான் கேரளத்து அட்டப்பாடி வழியாக ஒரு சுற்றுப் போய்த் திரும்பி, பில்லூர், மேட்டுப்பாளையம், பவானிசாகர் என்று இறங்கிக் கொடிவேரிக்கு வருகிறது. மேலே டிரவுட், கீழே ஜிலேபி, ஒரே ஆறு. தண்ணீர் 25 டிகிரி தாண்டினால் டிரவுட்டுக்கு உயிர் போகிற பாடு, அதனால் அது மலையை விட்டு இறங்காது. ஆனால் ஆர்வத்தில் தடியைத் தூக்கிக்கொண்டு யாரும் கிளம்பிவிடாதீர்கள். அது முக்குருத்தி தேசியப் பூங்காவும் காப்புக்காடும் சேர்ந்த பகுதி, பூங்காவுக்குள் மீன் பிடிப்பது குற்றம். ஊட்டியில் யாராவது டிரவுட் பிடிக்கக் கூட்டிப்போகிறேன், இத்தனை ஆயிரம் கொடு என்றால், வனத்துறை அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். அத்தோடு பேச்சு நின்றுவிடும்.

வீட்டில் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அம்மாயி வருஷா வருஷம் கேட்பாள்: "புடிக்கறயாமா, மறுக்கா தண்ணிலயே உட்டர்றயாமா. உடறதுக்கு எதுக்குச் சாமி புடிக்கோணும்?" சீஸ்மன் பள்ளத்தாக்கில் பிடித்த டிரவுட்டை எல்லாம் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம் என்று சொல்லிப் பார்த்தேன். அப்ப போகாதே, குளிருல கெடக்காம ஊட்டுல இரு என்றாள். இதற்கு என்னிடம் பதில் கிடையாது. அம்மாயி சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனாலும் நான் போவேன்.

மாமா அதைக் கேட்கவில்லை. அவர் கேட்டது வேறு. இந்தப் பூச்சி அங்கே கடையில் என்ன விலை?

இரண்டு டாலரிலிருந்து மூன்று டாலர் என்றேன். ஒன்றுக்கா, டஜனுக்கா? ஒன்றுக்கு. யார் கட்டுகிறார்கள்? கென்யாவில் நிறையப் பேர், இலங்கையிலும் தாய்லாந்திலும் உண்டு, கையால்தான் கட்டுகிறார்கள், மெஷின் கிடையாது என்றேன். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஃபோனை எடுத்து, கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அவருடைய சிநேகிதரைக் கூப்பிட்டார். பித்தளையில் ரெண்டு மில்லிமீட்டர் மணி, நடுவில் ஓட்டை, ஒரு பக்கம் ஓட்டை கொஞ்சம் பெரிசா இருக்கோணும், முள்ளு வளைவுல நுழையறதுக்கு. அந்தப் பக்கத்திலிருந்து பதில் ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"டிராயிங் அனுப்பி உடுங்க. ஆயரம் பீஸ்னா ஒரு ரேட்டு, அஞ்சாயரம்னா ஒரு ரேட்டுங்க."

எனக்கு வேண்டியது நூறு. மாமா ஐயாயிரத்துக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்.